துவைக்காத சும்மாடு

அக்கா,

நேற்று நடைக்குக் கொண்டுபோகும் பையைத் துவைக்கலாம் என்று கவிழ்த்தேன். தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, உலர்ந்த புங்கம்பூ கொஞ்சம், எப்போதோ வாங்கிய பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தன. கடைசியில் தொப்பென்று உங்கள் சும்மாடு விழுந்தது. நைந்த பச்சை நூல் புடவையைக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் மீன் கூடையை ஏற்றுவீர்களே, அதுதான். மழைக்காற்று அடிக்கிற நாள் என்பதால் துணியில் ஈரம் ஏறி வாடை கிளம்பிவிட்டது. மீன் வாடையோடு உங்கள் தலையின் தேங்காய் எண்ணெய் வாடையும் கலந்திருந்தது.

ஹாலில் இருந்த என் வீட்டுக்காரர், "இன்னும் அதைத் துவைக்கலியா நீ?" என்றார். "துவைக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பைக்குள்ளேயே வைத்தேன். ஐந்து மாதமாக இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தத் தைரியம் எனக்கு அப்போது இருந்திருந்தால் இப்படி ஒரு கடிதமே தேவைப்பட்டிருக்காது.

முதல் நாளிலிருந்தே சொல்கிறேன். எனக்கு முடக்குவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. மூட்டுகளில் தீராத அழற்சி. அடிபடாமலே கை வீங்கும், சூடாகும், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. டாக்டர் வாரம் ஒருநாள் போடும் மாத்திரை கொடுத்தார், தினமும் நடக்கவும் சொன்னார். வீட்டில் தவிர எங்கும் இதை நான் வாய் திறந்ததில்லை. சேலையூரில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியில் முட்டி வலி என்று சொன்ன ஒரு டீச்சரை முதலில் நூலகத்துக்கு மாற்றினார்கள், அடுத்த வருடம் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெறும் வீம்பு. பள்ளியில் இரண்டு இரண்டு படியாக ஏறுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அதனால்தான் பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்கு விடிந்தும் விடியாமலும் வந்துவிடுவேன். எங்கள் அபார்ட்மெண்ட்காரர்கள் வாக்கிங் வருவதற்குள் என் நொண்டலை நடந்து தீர்த்துவிட வேண்டும். கரை தொடங்கும் இடத்தில் ஒரு புங்கமரம், எதிரே டீக்கடை, மரத்தடியில் குட்டைச் சுவர். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்து வரும் குட்டியானை என்ற சின்ன லாரி உங்களை ஜிஎஸ்டி ரோட்டில் இறக்கிவிடும். நீங்கள் கரை வழியாக எங்கள் அபார்ட்மெண்ட் காலனிக்குப் போவீர்கள். நடுவில் கூடையை அந்தச் சுவரில் இறக்கி இளைப்பாறுவீர்கள்.

ஒருநாள் நான் அந்தப் பக்கமாகப் போனபோது கூப்பிட்டீர்கள். "யம்மா, ஒரு கை குடேன்."

உங்கள் கூடை என்பது பெரிய அலுமினிய அன்னக்கூடை. ஐஸும் மீனுமாக அதைத் தனி ஆளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. தெருவில் யார் வந்தாலும் ஒரு கை கேட்பீர்கள், அவர்களும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆனால் அன்று காலையில் பேஸ்ட் மூடியைக்கூடப் பல்லால் கடித்துத் திறந்துவிட்டு வந்தவள் நான். "என்னால் முடியாது, கை வீங்கியிருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். நோயாளி என்று தெரிவதைவிட திமிர் பிடித்தவள் என்று தெரிவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பின்னால் வந்த ஒருவர் கை கொடுத்தார். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள். "மீனு நாறுது, இல்ல? துன்றப்ப மட்டும் ருசிக்கும்."

அடுத்த வாரமே மாட்டிக்கொண்டேன். கரையோரத்து சிமென்ட் பெஞ்சு ரொம்பத் தாழ்வு என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கையை ஊன்றினால் மணிக்கட்டு தாங்காது, காலை ஊன்றினால் முட்டி மறுத்தது. தண்ணீரை ரசிப்பவள் போல உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் ரசித்துக்கொண்டே இருந்தேன். கூடையைச் சுவரில் இறக்கிவிட்டு வந்த நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள்.

"இன்னாம்மா, அப்ப புடிச்சி குந்தினே கீற? எய்ந்திருக்க முடியலியா?"

பதிலுக்கு நீங்கள் காத்திருக்கவில்லை. இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினீர்கள். அப்புறம் என் கைகளைப் பார்த்தீர்கள். "இதுக்காவா அன்னிக்கு மூஞ்ச திருப்பிக்கின?" என்று கேட்டீர்கள். தலையாட்டினேன். "சொல்றதுக்கு இன்னா? வாயிலயுமா வீக்கம்?"

ஆறு வருடத்தில் இந்த நோயைப் பற்றி நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்து, "நாளிக்கி குந்தறதுன்னா இதும்மேல குந்து" என்றீர்கள். இரண்டு விரற்கடை உயரம்தான் இருக்கும் அது. அந்த இரண்டு விரற்கடை இருந்தால் நானே எழுந்துவிடுவேன் என்பது மறுநாள் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் சேர்ந்து நடந்தோம். கூடையின் மேல் ஈரக்கோணி போட்டு, தட்டால் மூடிக் கயிறு கட்டிவிட்டு வருவீர்கள். டீக்கடைக்காரர் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்வார். புங்கமரத்திலிருந்து மதகு வரை போய்த் திரும்புவோம். முதல் பாதி எனக்கு நரகம். மதகை நெருங்கும்போது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகும், குதிகால் தரையில் படும், தோள் இறங்கும். அங்கே நின்று மூச்சு வாங்கும்போது கிழக்குப் பக்கம் வெளிச்சம் ஏறும். ஆகாயத்தாமரை இல்லாத இடமாகப் பார்த்து நாமக்கோழிகள் நீந்தும். நத்தைகுத்தி நாரை ஒன்று ஒரே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து, "அதுக்கும் காலைல காலு மடங்காது போல" என்பீர்கள்.

கடலில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு ஏரி என்றால் இளக்காரம். "இது இன்னா தண்ணி? அலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. குந்த வச்ச தண்ணி." ஆனால் முக்குளிப்பானை மட்டும் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கு முங்கி என்று பெயர் வைத்தீர்கள். அது முங்கியதும் எங்கே எழும் என்று இருவரும் விரலை நீட்டுவோம். நான் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டு நீட்டுவேன், தோற்பேன். நீங்கள் சும்மா நீட்டுவீர்கள், அது அங்கேயே எழும். "கணக்கு டீச்சர்ன்ற?" என்று கேலி செய்வீர்கள். அந்தப் பறவை தண்ணீருக்குள் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குக் கை, கால், மூட்டு என்று எதுவும் நினைவில் இருக்காது. வலி போய்விடும் என்று சொல்ல வரவில்லை. அது பக்கத்திலேயே இருக்கும், ஆனால் அதோடு நான் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். எந்த மாத்திரையும் எனக்கு இதைச் செய்ததில்லை.

"உன் ஒடம்புல அடுப்பு அணைய மாட்டேன்னுது. அதுக்கு இன்னா பண்றது? அடுப்பாண்டயே குந்திகினு இருக்காத, வெளிய வா" என்று சொல்வீர்கள்.

திரும்பி வந்ததும் கூடையை ஏற்ற வேண்டும். டீக்கடைக்காரரைக் கூப்பிடலாம் என்பேன். "அந்தாளு பால வச்சிகினு கீறாரு. நீ குடு" என்பீர்கள். மணிக்கட்டால் முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு நீங்களே வழி கண்டுபிடித்தீர்கள். கூடையைச் சுவரின் விளிம்புக்கு இழுத்து, "முழங்கைய அடியில குடு, தாங்கு, தூக்காத" என்பீர்கள். நான் இரண்டு முழங்கையாலும் தாங்க, நீங்கள் குனிந்து தலையைக் கொடுத்து நிமிர்வீர்கள். "ஏத்தவும் ஒரு கை வேணும், எறக்கவும் ஒரு கை வேணும், இதான் எங்க பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே போவீர்கள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு நான் உதவியாக இருந்த ஒரே நேரம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் நாள் முழுக்கப் போர்டில் எழுதுவேன்.

அப்படிப்பட்ட உங்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதை இனி எழுத வேண்டும்.

போன டிசம்பரில் ஒருநாள் மழை விட்டுக் கரை வழுக்கியது. எனக்கு அன்று முட்டியும் வீங்கியிருந்தது. மதகுச் சரிவில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எதிரே எங்கள் பி பிளாக் பத்மா வந்துவிட்டாள். அவள் மகன் என் வகுப்பில் படிக்கிறான். அவளுக்கு ஒன்று தெரிந்தால் மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

"என்ன மிஸ், என்னாச்சு? நொண்டற மாதிரி இருக்கே?"

யோசித்துச் சொன்னதாக இருந்தால்கூட என்னை நான் மன்னித்துவிடுவேன். யோசிக்கவே இல்லை, வாயில் தயாராக இருந்தது. "எனக்கு ஒண்ணுமில்ல பத்மா. இந்தம்மாவுக்குத்தான். கை கால் எல்லாம் வீக்கம், ரத்தத்துல ஏதோ கோளாறாம். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார். பாவம், துணைக்கு ஆளில்ல. அதான் நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றேன்."

அக்கா என்று ஒன்றரை வருடம் கூப்பிட்டவரை அந்த நிமிடத்தில் இந்தம்மா ஆக்கினேன். நோயையும் உங்கள் தலையில் ஏற்றினேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அடுத்த நொடி ஒரு காலை இழுத்து, முகத்தைச் சுளித்து, "ஆமாம்மா, மிஸ் இல்லன்னா என் கதி அவ்ளோதான்" என்றீர்கள். பத்மா உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள். அவள் மறைந்ததும், "நல்லா நொண்டுனனா? உன்ன பாத்துதான் கத்துக்கினேன்" என்றீர்கள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நானும் சிரித்தேன் அக்கா. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அன்று மாலையே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பத்மா எழுதினாள். நோயாளியான மீன்காரம்மாவைத் தினமும் கைப்பிடித்து நடக்க வைக்கும் நம் மிஸ், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனசா என்று. கைதட்டல்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் கும்பிடு போடும் படம் ஒன்றை அனுப்பினேன். ஒன்றுமே போடாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து அதே குரூப்பில் ஒரு கேள்வி வந்தது. அந்தம்மா கையாலேயே மீனை ஆய்ந்து கழுவிக் கொடுக்கிறார்களே, ரத்தத்தில் கோளாறு என்றால் ஒட்டிக்கொள்ளுமா? நான் நீளமாக ஏதோ எழுதினேன், அழித்தேன். கடைசியில், "டாக்டரிடம் விசாரித்தேன், ஒட்டாது" என்று மட்டும் போட்டேன். அதிலும் நோய் உங்களுடையதாகவே இருந்தது. "எதுக்கும் ரிஸ்க் வேணாம் மிஸ்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாகக் கதவு மூடியது. சிலர் வேறு இடத்தில் வாங்குகிறோம் என்றார்கள். சிலர் வெளியிலேயே வரவில்லை. பத்து வருடமாக நீங்கள் போய்வந்த காலனி அது.

உங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒரு வீட்டம்மா நேராகவே கேட்டாராம். என்னிடம் கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் இரும்புலியூர்ப் பக்கம் வியாபாரத்தை மாற்றிக்கொண்டீர்கள். அங்கே போக இந்தக் கரைக்கு வரவே வேண்டியதில்லை. ஆனாலும் வந்தீர்கள். என்னோடு மதகு வரை நடந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் கேட்டீர்கள். மதகடியில் நின்றுகொண்டிருந்தோம். முங்கியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"ஏம்மா, அவங்களாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பயகுன ஜனங்க. கதவ சாத்தறப்ப மனசு ஒரு மாரியா கீது."

"பரீட்சை முடியட்டும்க்கா" என்றேன். "இப்ப தெரிஞ்சா பத்தாம் கிளாஸை என்கிட்ட இருந்து எடுத்துடுவாங்க. ஏப்ரல்ல நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சரி" என்றீர்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் எனக்கு நோய் முற்றி எட்டு நாள் படுத்துவிட்டேன். அதற்கு முந்தைய நாள்தான் பெஞ்சிலிருந்து எழும்போது உங்கள் சும்மாட்டை மறதியாக என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் முந்தானையைச் சுருட்டி வைத்துக் கூடையை ஏற்றியபோதும் எனக்கு உறைக்கவில்லை. ஒன்பதாம் நாள் கரைக்கு வந்து காத்திருந்தேன். குட்டியானையில் வந்த வேறொரு பெண்தான் சொன்னாள். மார் வலிக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாலு நாள் ஆகிவிட்டது என்றாள்.

குப்பத்துக்கு வந்தேன். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மகள் செல்வி எனக்கு மட்டும் நாற்காலி போட்டாள். தரையில் உட்கார முடியாது என்பதால் நானும் உட்கார்ந்தேன். மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

"நீங்கதான் டீச்சரம்மாவா? எங்கம்மாவ கையப் புடிச்சி நடத்துனவங்க?" என்று செல்வி கேட்டாள். "கூட வர்ற பொம்பளைங்க இப்பதான் சொன்னாங்க. அம்மாவுக்கு ரத்தத்துல ஏதோ நோவுன்னு அந்த காலனிக்கே தெரியுமாமே. கை கால் வீக்கமாமேன்னு அப்ப நான் கேட்டா, லேசா வீக்கம்டி, ஒண்ணுமில்லன்னு சிரிச்சிகினே போய்டும். ஊருக்கே தெரிஞ்சது பெத்த பொண்ணுக்குத் தெர்ல. தெரிஞ்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பேன்ல? நான்லாம் இன்னாத்துக்கு ஒரு பொண்ணு?"

வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறீர்கள். மகளிடம்கூட.

செல்வி இன்னொன்றும் சொன்னாள். "உங்கள பத்தி பேசும். டீச்சரம்மா முழங்கையாலதான் கூடைக்கு கை குடுக்கும்னு. மீனு வாடை கையில பட்டுடும்னு அப்பிடி பண்றாங்கன்னு நாங்க சிரிப்போம். அம்மா மட்டும், போங்கடி, உங்களுக்கு இன்னா தெரியும்னு சொல்லும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சுற்றிலும் அத்தனை பேர். "அம்மா நல்லவங்க" என்று எதையோ உளறிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் அவள் கேள்விதான் காதில் இருந்தது. மாரடைப்பு சொல்லிவிட்டா வருகிறது? இல்லாத ஒரு நோயைக் கவனிக்கவில்லை என்று அந்தப் பெண் தன்னையே அடித்துக்கொண்டிருந்தாள். அதை அவளுக்குக் கொடுத்தவள் நான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை. செல்வியைப் பின்பக்கம் கூப்பிட்டு, "அந்த நோய் எனக்கு. உங்கம்மாவுக்கு இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. இரண்டு கையையும் நீட்டினேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல என் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அப்ப எங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இந்த நோய் இல்லம்மா. நீ எதையும் கவனிக்காம விடல."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள். பிறகு தலைநிமிராமல், "பதினாறு நாளா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு" என்றாள். "நீ கெளம்பு. இங்க நிக்காத." கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் எழுதினேன். முடக்குவாதம் எனக்குத்தான், ஆறு வருடமாக. மீன்காரம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. அவர்தான் என்னைக் கைப்பிடித்து நடக்க வைத்தார். நான் சொன்னது பொய். அப்புறம் பத்மா, "சீக்கிரம் குணமாகணும் மிஸ்" என்று ஒரு பூங்கொத்துப் படம் போட்டாள். அதற்குக் கீழே ஏ பிளாக்கிலிருந்து ஒருவர் எழுதினார். "அப்ப பயமில்ல. அவங்களை மறுபடி வரச் சொல்லுங்க மிஸ். சண்டேக்கு வஞ்சிரம் வேணும்."

அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன் அக்கா. நீங்கள் அன்று சொல்லச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதியிருந்தேன். கதவைத் திறக்க ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது. "அவங்க இறந்துட்டாங்க" என்று பதில் போட்டேன். கும்பிடும் கைகள் வந்தன. அதற்கடுத்து தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற பேச்சு.

பள்ளியிலும் மறுநாளே சொன்னேன். பத்தாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள், எனக்கு உயரமான ஸ்டூல் ஒன்று போட்டார்கள். வகுப்பை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் உங்களை விற்று வாங்கிய பாதுகாப்பு எனக்குத் தேவையாகவே இருக்கவில்லை.

இப்போது செல்விதான் கூடை எடுத்து வருகிறாள். அதே வண்டி, அதே குட்டைச் சுவர். இரும்புலியூருக்கு இந்த வழி தேவையில்லை, நீங்கள் இளைப்பாறிய இடம் என்றோ என்னவோ இங்கே வந்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் போவாள். டீக்கடைக்காரர் கை கொடுப்பார். என்னைக் கண்டால் பார்வையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். முகம் திருப்புவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? நான் என் பாட்டுக்கு மதகு வரை போவேன். முங்கி முங்குகிறது. விரலை நீட்டுகிறேன், வேறெங்கோ எழுகிறது. கேலி செய்ய ஆளில்லை. உடம்பு மட்டும் வழக்கம்போல இளகுகிறது. அதுகூட ஒரு சலுகை போலத்தான் தோன்றுகிறது.

இன்று காலை தூறல். டீக்கடை திறக்கவில்லை, கரையில் ஆளே இல்லை. செல்வி கூடையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் புங்கமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். நானாகப் போய்க் கை கொடுக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவள்தான் திரும்பி என் கைகளைப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்பது நாக்கு நுனியில் இருந்தது. ஆறு வருடப் பழக்கம். "வலிக்கும்" என்றேன். "இன்னிக்கு ரொம்பவே வலிக்குது."

அவள் தலையில் ஒரு துண்டை மடித்து வைத்திருந்தாள். பையைத் திறந்து உங்கள் சும்மாட்டை எடுத்து நீட்டினேன். பச்சைப் புடவை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வாங்கி முகத்தில் வைத்து அப்படியே நின்றாள்.

"தொவைக்கலியா?"

"இல்ல."

துண்டை எடுத்துவிட்டு அதைத் தலையில் வைத்தாள். கூடையைச் சுவரின் விளிம்புக்கு இழுத்தாள். "முழங்கைய குடு. தூக்காத, தாங்கு" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், உங்கள் வாய் அப்படியே. தாங்கினேன். குனிந்து நிமிர்ந்தாள். நன்றி என்றோ வருகிறேன் என்றோ சொல்லவில்லை. ஆனால் இரும்புலியூர்ப் பக்கம் திரும்பாமல் எங்கள் காலனித் தெருவுக்குள் போனாள். "மீனேய்" என்ற குரல் தூறலில் கேட்டது.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதமாட்டேன். கூடைக்கு ஒரு கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். முழங்கையில் கூடை விளிம்பு அழுத்திய சிவப்புக்கோடு இதை எழுதும்போதும் இருக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது. யார் கேட்டாலும் இப்போது சொல்லிவிடுகிறேன், வாயில் வீக்கம் இல்லை. சும்மாடும் போய்விட்டது. மிச்சம் என்னிடம் இருப்பது உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்றுதான். ஏற்றவும் ஒரு கை வேண்டும், இறக்கவும் ஒரு கை வேண்டும் என்பீர்கள். இதை நானே ஏற்றிக்கொண்டேன் அக்கா. இறக்கத்தான் நீங்கள் இல்லை.